சந்தா கட்டாத வாசகர்களும் சன்மானம் காணாத எழுத்தாளர்களும்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுமத்துக்கு அந்த வாரப் பத்திரிகை முழுமையாக வந்துவிடும். முன்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு பக்கமும் விடுபடாத பீடிஎப். அதனைப் போடுபவர் நல்ல மனிதர். சமூகத்துக்குச் செய்யும் ஒரு கைங்கரியமாக நினைத்துத்தான் செய்கிறார். கீழே 'ஜஸாகல்லாஹ்' என்று பத்துப் பதினைந்து பதில்கள் விழும். நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்திரிகையைக் கடையில் காசு கொடுத்து வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் ஆசிரியர் ஓய்வறையில் கேட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரில் ஒருவர் கையை உயர்த்தினார். அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்.

எமக்கென்று ஊடகம் இல்லை, எமது பிரச்சினைகளை எழுத ஆளில்லை என்று ஒவ்வொரு நெருக்கடியின்போதும் பேசுகிறோம். 2019 ஏப்ரலுக்குப் பின்னரும் பேசினோம், ஜனாஸா எரிப்புக் காலத்திலும் பேசினோம். ஆனால் எழுதுபவருக்கு யார், எப்போது, எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியை மட்டும் எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. சந்தா பற்றிய பேச்சும் அப்படித்தான். சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும் ஒரு கூப்பனோடு அது முடிந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே விடயமாகப் பார்க்க வேண்டும் என்பதே எனது வாதம்.

சந்தா எமக்குப் புதிய பழக்கமல்ல. 1882இல் கண்டியிலிருந்து சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' வெளியிட்ட காலத்திலிருந்து இந்நாட்டு முஸ்லிம்களுக்கெனப் பத்திரிகை இருந்து வருகிறது. தமிழ்ச் சஞ்சிகைகளுள் நீண்ட காலம் நின்று பிடித்த 'மல்லிகை' 1966 ஆகஸ்ட்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி நானூறு இதழ்களைத் தொட்டது. டொமினிக் ஜீவா இதழைக் கையில் சுமந்துகொண்டு வாசகர்களின் வாசலுக்கே போய் விற்றவர். எங்கள் வீட்டில் வாப்பா ஒரு மாதாந்த சஞ்சிகைக்குச் சந்தாதாரராக இருந்தார். வருடம் பிறந்தால் உப தபாலகத்துக்குப் போய்க் காசுக்கட்டளை எடுப்பார். பற்றுச்சீட்டைக் குர்ஆன் வைக்கும் றாக்கையின் கீழ்த்தட்டில் வைப்பார். காசு கட்டியவர் என்பதால் இதழ் இரண்டு நாள் பிந்தினாலும் ஆசிரியருக்கு அஞ்சலட்டை போய்ச் சேரும். இன்று இலவசமாகப் படிக்கும் எமக்கு அந்தக் கோபம்கூட வருவதில்லை.

அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது தாளும் மையும் கூடவே ஏறின. அவ்வருடம் மார்ச்சில் தாள் இல்லாததால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. 'த ஐலண்ட்', 'திவயின' போன்ற பெரிய பத்திரிகைகளே தமது சனிக்கிழமைப் பதிப்பை அச்சிட முடியாமல் இணையத்துக்குள் ஒதுக்க நேர்ந்தது. ஆகஸ்ட் மாதம் சாதாரண கடிதத்துக்கான தபால் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது. பெரிய நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால், ஒருவர் தமது வீட்டு முன்னறையில் வைத்து நடத்தும் சஞ்சிகையின் கதி என்ன? பல நின்றுபோயின. சில பக்கத்தைக் குறைத்தன, சில இரு மாதங்களுக்கு ஒன்றாயின. தாள்காரருக்கும் அச்சகத்துக்கும் கொடுக்க வேண்டியதைக் குறைக்க முடியவில்லை. குறைக்கக்கூடியதாக இருந்தது எழுதுபவருக்குக் கொடுப்பது ஒன்றுதான். அதுவும் முன்னரே பூச்சியமாக இருந்த இடங்களில் குறைக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தச் சஞ்சிகையினதும் உண்மைக் கணக்கல்ல, விளங்கிக்கொள்வதற்காக நான் போட்டது. மாதம் 1,000 பிரதிகள் அச்சிடும், 200 ரூபா விலையுள்ள ஒரு சஞ்சிகை. தாள், அச்சு, பக்க வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 125,000 ரூபா என்று வைப்போம். கடைகளுக்கு 600 பிரதிகள் போகின்றன. 400 விற்று 200 திரும்பி வருகின்றன. கடைக்காரரின் கழிவு 50 ரூபா போனால் பிரதிக்கு 150 ரூபா வீதம் 60,000 ரூபா. சந்தாதாரர் 250 பேர். தபாற்செலவு 40 ரூபா போக ஒருவரிடமிருந்து 160 ரூபா வீதம் 40,000 ரூபா. ஒன்றிரண்டு விளம்பரங்களில் 25,000 ரூபா. கூட்டினால் 125,000. வரவும் செலவும் சரி. எழுதிய பன்னிரண்டு பேருக்கும் கொடுக்க ஒரு சதமும் இல்லை. தலா 1,500 ரூபா கொடுப்பதென்றாலும் 18,000 ரூபா தேவை.

மீதி 150 பிரதிகளைக் கவனித்தீர்களா? அவை இலவசப் பிரதிகள். பிரமுகருக்கு ஒன்று, நிர்வாக சபைத் தலைவருக்கு ஒன்று, அதிபருக்கு ஒன்று, 'நம்மட ஆள்' என்பதற்காக ஒன்று. வாங்க வசதியுள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் இலவசப் பிரதி போகிறது. அவர்களில் 113 பேர் சந்தா கட்டினால் 18,080 ரூபா வந்துவிடும். எழுதியவர்களுக்கான காசு எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. எங்கள் வரவேற்பறை மேசைகளில் பிரிக்காமலே கிடக்கிறது.

இதற்காக ஆசிரியர் குழுக்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. சொந்தச் சம்பளத்தைப் போட்டு இதழ் கொண்டுவருபவர்களை நான் அறிவேன். ஒருவர் மனைவியின் காப்பை அடகு வைத்து இரண்டு இதழ்கள் போட்டார். அவரிடம் போய்ச் சன்மானம் கேட்க யாருக்கும் வாய் வராது. ஆனாலும் கேட்காமல் விட்டதால் என்ன நடந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனது அனுபவம் ஒன்று. கலாசாலைப் பயிற்சியை முடித்து வந்த காலத்தில், ஒரு சஞ்சிகைக்காக ஆரம்பப் பிரிவு மாணவர்களின் வாசிப்புப் பற்றித் தொடராக ஆறு கட்டுரைகள் எழுதினேன். கட்டுரைக்கு 750 ரூபா என்று தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் எதுவுமில்லை. முதல் இரண்டுக்கும் காசு வந்தது. மூன்றாவது வந்தபோது 'அடுத்த மாதம் சேர்த்துத் தாறோம்' என்றார்கள். ஆறும் வெளிவந்து முடிந்த பிறகு நான் தொலைபேசி எடுத்தால் அலுவலகத்தில் எனது பெயரைக் கேட்டதும் குரல் மாறும். கடைசியில் ஒருவர், 'டீச்சர், உங்களுக்குத்தான் அரசாங்கச் சம்பளம் இருக்கே' என்றார். 3,000 ரூபாவை விட அந்த வார்த்தைதான் எனக்கு நின்றது. சில வருடங்கள் கழித்து அதே கட்டுரைகளை ஒரு தொகுப்பு நூலில் கண்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. எனக்குச் சம்பளம் இருக்கிறது. ஆகவே என்னால் இலவசமாக எழுத முடிகிறது. எமது சஞ்சிகைகளில் எழுதுபவர்கள் யார் என்று ஒரு வருட இதழ்களை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள், விரிவுரையாளர்கள், மௌலவிமார், சட்டத்தரணிகள். மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ உள்ளவர்கள். கடலுக்குப் போகும் வீட்டிலிருந்து எழுதியவர் எத்தனை பேர்? ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண் எழுதியது எத்தனை? மத்திய கிழக்கில் பத்து வருடம் உழைத்துவிட்டு வந்தவர் எழுதியது எத்தனை? அவர்களுக்கு எழுதத் தெரியாமலில்லை. ஒரு கட்டுரைக்காக மூன்று நாட்களை இழக்க அவர்களால் முடியாது.

எனது முன்னாள் மாணவி ஒருவர் உயர்தரத்தில் தமிழுக்கு ஏ எடுத்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். பாடசாலையிலிருந்து இடைவிலகும் ஆண் பிள்ளைகள் பற்றி எழுதுவதற்காக மூன்று ஊர்களுக்கு பஸ்ஸில் போனார், பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு. கட்டுரை நன்றாக வந்தது. ஒரு சஞ்சிகை நான்கு பக்கத்தில் போட்டது, பேஸ்புக்கில் நூற்றுக்கணக்கில் பகிர்ந்தார்கள். அவருக்குக் கிடைத்தது இரண்டு இலவசப் பிரதிகள். 'போக்குவரத்துச் செலவாவது தருவாங்களா டீச்சர்?' என்று என்னிடம் கேட்டார். கேட்டுப் பாருங்கள் என்றேன். வெட்கமாக இருக்கிறது என்றார். இப்போது அவர் வீட்டில் கேக் செய்து விற்கிறார். கேக்குக்கு முற்பணம் வாங்குகிறார், அதில் வெட்கமில்லை. கேக்குக்கு விலை உண்டு என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

'சன்மானம்' என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. அது கௌரவிப்பு. கொடுப்பவர் மனம் வைத்தால் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் கேட்பதுதான் அநாகரிகம். அச்சகத்தாரின் பட்டியலைப் பார்த்து யாரும் சன்மானம் என்று சொல்வதில்லை. தாள் வியாபாரியிடம் 'சமூகத்துக்காக, இக்லாஸாகத் தாருங்கள்' என்று யாரும் கேட்பதில்லை. எழுதுபவரிடம் மட்டும் கேட்கிறோம். வியர்வை உலர முன்னர் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை விளக்கி எழுதப்பட்ட கட்டுரைக்கும் காசு வராத சஞ்சிகைகள் எம்மிடம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் தலையங்கம் எழுதிய பத்திரிகைகளும், தமது பிரதேச நிருபர்களுக்குப் பிரசுரமான செய்திக்கு மட்டும் எண்ணிக் கொடுக்கும் பத்திரிகைகளும் வேறு வேறல்ல. நாள் முழுவதும் அலைந்து எடுத்த செய்தி இடமில்லை என்று விடுபட்டால் அந்த நாளுக்குக் கூலி இல்லை.

தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 17,500 ரூபாவிலிருந்து 27,000 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டு, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா என்றானது. நல்ல விடயம். ஆனால் தொழில் தருநர் என்று ஒருவர் இல்லாமல் வீட்டிலிருந்து துண்டு துண்டாக எழுதிக் கொடுப்பவர் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. ஊழியர் சேமலாப நிதியும் அவருக்கில்லை. அவருக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு, வேலையைத் தொடங்க முன்னர் பேசிக்கொண்ட நிபந்தனை. அதுவும் வாய்ப்பேச்சாக இருந்தால் பாதுகாப்பே இல்லை.

இந்த நோய் எமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சஞ்சிகையான 'எபனி' 1945இல் சிகாகோவில் ஜோன் எச். ஜோன்சனால் தொடங்கப்பட்டது. அந்தச் சமூகத்தின் வீடுகளில் அதற்கிருந்த மரியாதை எம்மவர்களுக்கு விளங்கும். எமது சமூகத்தின் குரல் என்று சொல்லி எழுதினார்கள், வாங்கினார்கள். 2016இல் நிறுவனம் கைமாறியது. 2017இல் அதில் எழுதிய சுயாதீன எழுத்தாளர்கள் தமக்குச் சேர வேண்டிய பணம் மாதக்கணக்கில் வரவில்லை என்று சமூக வலைத்தளங்களில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். சமூகச் சஞ்சிகையைச் சந்திக்கு இழுக்கலாமா என்ற கேள்வி அங்கும் எழாமலிருந்திருக்காது. அவர்களின் சார்பில் தேசிய எழுத்தாளர் சங்கம் நீதிமன்றம் போனது. 2018இல் சுமார் 80,000 டொலர் கொடுப்பதென்று இணக்கம் ஏற்பட்டது. சமூகப் பற்று ஒரு புறம், கடன் ஒரு புறம் என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததால்தான் அது நடந்தது.

நியூயோர்க் நகரில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 800 டொலரும் அதற்கு மேலுமான சுயாதீன வேலைக்கு எழுத்து மூல ஒப்பந்தம் கட்டாயம். கொடுப்பனவுத் திகதி ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படாவிட்டால், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து 250 டொலருக்கே இத்தகைய பாதுகாப்பு வந்துவிட்டது. அந்தச் சட்டங்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 1,500 ரூபாவுக்காக நீதிமன்றம் போக எவருக்கும் நேரமில்லை. ஆனால் அவை வற்புறுத்தும் இரண்டு விடயங்களும் சட்டமில்லாமலே செய்யக்கூடியவை: எழுதி வைத்தல், திகதி சொல்லுதல். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282 கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை எமது வாசகர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அதில் இருக்கிறது. 1,500 ரூபா சிறியதுதான்.

எமது நாட்டிலும் ஒரு சட்டம் இருக்கிறது, எழுதுபவர்கள் பலர் அதனை அறியாமலிருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியரல்லாத ஒருவர் எழுதிய கட்டுரையின் உரிமை அவருக்கே உரியது. அந்த உரிமையை மற்றவருக்குக் கையளிப்பதென்றால் அது எழுத்தில், கையொப்பத்துடன் நடக்க வேண்டும். ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்பிவிட்டதால் மட்டும் அது அந்தச் சஞ்சிகையின் சொத்தாகிவிடுவதில்லை. அதனைப் பின்னர் நூலாகத் தொகுக்கவும், வேறோர் இணையத்தளம் 'நன்றி' போட்டு எடுத்துக்கொள்ளவும் எழுதியவரைக் கேட்க வேண்டும். 'நன்றி' என்பது அனுமதியல்ல. இணையத்தளங்களும் இதில் யோசிக்க இடமுண்டு, இதனை வெளியிடும் தளத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆக, ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய தொகையல்ல. உங்கள் இரண்டாம் பக்கத்தில், பதிப்பாளர் முகவரிக்குக் கீழே, நான்கு வரிகள். கட்டுரைக்கு எவ்வளவு, எப்போது, கேட்டு வாங்கிய கட்டுரையைப் போடாமல் விட்டால் என்ன, இணையத்தில் மீண்டும் போட்டால் என்ன. கொடுக்க வழியில்லையென்றால் 'சன்மானம் வழங்கப்படமாட்டாது' என்று ஒரே வரியில் போடுங்கள். அதுவும் நேர்மைதான். தெரிந்துகொண்டு எழுதுபவர் எழுதட்டும். 'பார்ப்போம்' என்பதுதான் எல்லாவற்றையும் விடக் கெட்ட நிபந்தனை.

எப்போது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரசுரமானதும் தருவோம் என்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் நோன்பு மாதச் சிறப்பிதழுக்கென்று கேட்டு வாங்கிய கட்டுரை இடமில்லாமல் ஒதுக்கப்பட்டால் அது அடுத்த நோன்புக்குத்தான் வெளிவரும். எழுதியவரின் உழைப்போ இந்த வருடமே முடிந்துவிட்டது. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஆசிரியரும் தேவைக்கு மேல் கட்டுரை கேட்டு அடுக்கி வைக்கமாட்டார். போடாமல் விட்ட கட்டுரைக்கு மூன்றிலொரு பங்காவது கொடுத்து, அதனை வேறிடத்துக்கு அனுப்பும் சுதந்திரத்தையும் கொடுத்தால் மனத்தாங்கல் வராது.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் இலகுவானது. மேலே போட்ட கணக்கின்படி வருடச் சந்தா 2,400 ரூபா, மாதத்துக்கு 200 ரூபா. எனது கையடக்கத் தொலைபேசிக்கு அதைவிடக் கூடுதலாக டேட்டா போடுகிறேன், அந்த பீடிஎப் அந்த டேட்டாவில்தான் வந்து விழுகிறது. கடையில் வாங்குவதை விடச் சந்தா கட்டுவது சஞ்சிகைக்கு நல்லது என்பதற்கும் காரணமுண்டு. காசு முன்கூட்டியே வருகிறது, திரும்பி வரும் பிரதி இல்லை, எத்தனை அச்சிடுவது என்று தெரிகிறது. காசு முன்கூட்டி வந்தால்தான் எழுத்தாளருக்குத் திகதி சொல்ல முடியும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பிரதேச சபை நூலகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் ஆளுக்கொரு சந்தா எடுத்தால் ஒரு மாவட்டத்திலேயே நூறு சந்தாக்கள் சேரும். கந்தூரிக்கு ஆடு அறுப்பதற்குச் சேர்க்கும் வேகத்தில் பாதி போதும். தனவந்தர்களிடம் ஒரு வேண்டுகோள்: முழுப் பக்க வாழ்த்து விளம்பரத்துக்குப் பதிலாக, வாங்க முடியாத இருபது மாணவர்களுக்குச் சந்தா கட்டுங்கள். வாழ்த்து விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை.

எங்கள் பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பாக நான்தான் இருக்கிறேன். சென்ற தவணை இரண்டு சஞ்சிகைகளுக்குச் சந்தா அனுப்பினேன். கூடவே இரண்டு ஆசிரியர்களுக்கும், கட்டுரை எழுதினால் உங்கள் நிபந்தனை என்ன என்று கேட்டு ஒரு கடிதம் வைத்தேன். ஒருவர் பற்றுச்சீட்டு மட்டும் அனுப்பினார். மற்றவர் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பேனையால் எழுதியிருந்தார்: 'கட்டுரைக்கு 1,000 ரூபா, ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள். இதைவிட இப்போது முடியாது, சகோதரி.' அந்தப் பற்றுச்சீட்டைப் படமெடுத்து கேக் விற்கும் மாணவிக்கு அனுப்பினேன். இடைவிலகிய பிள்ளைகள் பற்றி எழுதிவிட்டு நிறுத்திய இரண்டாவது பகுதி இன்னும் கொப்பியில் இருக்கிறதாம்.